ஹெந்த்ரே வெர்னின் மேற்குச் சுவர்

இடது கை உளியைப் பிடித்திருந்தது. வலது கை சுத்தியலால் அதன் தலையில் தட்டியது. ஓங்கி அடிக்கவில்லை, தட்டியது. இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்த சாம்பல் நிறப் பட்டை முதலில் அசையவில்லை. பிறகு ஓரத்தில் மயிரிழையாக விரிசல் விட்டது. உளி அதற்குள் நுழைந்து லேசாகத் திரும்ப, முழங்கை நீளத்துக்கு ஒரு சிமெண்ட் துண்டு பெயர்ந்து சாரப் பலகையில் விழுந்தது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் அவசரமில்லாமல் வழிந்து வந்தது. மழை நின்று பத்து நாளாகியிருந்தது.

கைகள் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தன. இடது கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கித் தட்டையாகியிருந்தது. சிமெண்டின் முகம் நேராக, வழவழப்பாக இருந்தது.

"எவன் செஞ்சானோ," என்றார் கைகளுக்கு உரியவர். "கல்லு வீட்டுக்கு யாராவது சிமெண்ட் பூசுவானா?"

கீழே சாரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தபால்காரர் பெரிஸ் தோளில் விழுந்த தூசியைத் தட்டிவிட்டார். எவன் செய்தான் என்று அவருக்குத் தெரியும். பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். செய்தவர்தான் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெயர் இட்வல் ஹியூஸ். ஆனால் வேல்ஸின் எங்கள் மூலையில் குடும்பப் பெயரைச் சொல்லி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊர் லான்வாத்ரினில் பாதிப் பேர் ஹியூஸ், மீதிப் பேர் ஜோன்ஸ். இரண்டிலும் சேராத ராபர்ட்ஸ் குடும்பம் ஒன்று உண்டு. அவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். அதனால் தொழிலைச் சேர்த்தோ வீட்டைச் சேர்த்தோ கூப்பிடுவது வழக்கம். தபால் பெரிஸ், ரொட்டி எல்வின். மலைச்சரிவில் வீடும் நிலமும் உள்ளவர்களுக்கு வீட்டின் பெயரே போதும். இட்வலின் அப்பா சுண்ணாம்பு ராபட். இட்வல், சிமெண்ட் இட்வல்.

அப்பாவுக்குச் சுண்ணாம்பைத் தவிர வேறு சாந்து தெரியாது. அதைக் குழியில் நீற்ற வேண்டும், மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும், பூசிய பிறகு ஈரச் சாக்கைப் போட்டு வெயிலும் பனியும் படாமல் காப்பாற்ற வேண்டும். இட்வல் போருக்குப் போய் விமான ஓடுதளம் போட்டுவிட்டு வந்தவர். சிமெண்ட் மூட்டையில் வந்தது. மறுநாள் கல்லாகியது. அவர் ஊர் திரும்பி முதல் மூட்டையைப் பிரித்தபோது அப்பா சுண்ணாம்புக் குழியை மூடினார், மேலே புல் கரணைகளை அடுக்கினார், அடுத்த குளிர்காலத்தில் செத்துப்போனார்.

அதற்குப் பிறகு இட்வல் பள்ளத்தாக்கிலிருந்த கல் வீடுகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிமெண்டால் அடைத்தார். வெளியிலிருந்து பார்க்க வீடுகள் பளிச்சென்று இருந்தன. உள்ளே சுவர்க் காகிதம் உரிந்து தொங்கியது. ஜனங்கள் மழையைத் திட்டினார்கள். எங்கள் ஊரில் எதற்கும் முதலில் மழையைத்தான் திட்டுவோம். கல் வீட்டுச் சுவர் மழையைக் குடிக்கும், வெயில் வந்தால் சந்துகள் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். சந்தை அடைத்தால் குடிப்பது மட்டும் நடக்கும். இது இட்வலுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில்தான் தெரிந்தது. பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் ஜன்னலுக்காகச் சுவரைத் திறந்தவர், சுவரின் வயிறு ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருப்பதைப் பார்த்தார். அதன்பின் சிமெண்ட் மூட்டை வாங்கவில்லை. அப்பாவின் குழியைத் தோண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு வெண்ணெய் போலவே இருந்தது.

அவர் எதையும் அறிவிக்கவில்லை. முன்பு சிமெண்ட் வைத்த அதே வீடுகளுக்கு அதே சுத்தியலோடு போய் அதையே பெயர்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் முதல் துண்டு விழுந்ததும், "எவன் செஞ்சானோ," என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. வேறு கொத்தனார் கிடையாது. அதோடு, வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரின் வாயை அடைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையும் இல்லை. பட்டப்பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது மாற வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை இருந்ததாக அவர் மனைவி டில்வென் சொல்வதுண்டு, அவர் இல்லாதபோது.

எண்பத்திரண்டாம் வருடத்து வசந்தத்தில் அவர் சாரம் கட்டி நின்ற வீடு ஹெந்த்ரே வெர்ன். ஊருக்கு மேலே, கடல் காற்று நேராக வந்து மோதும் சரிவில் இருக்கிறது. அதன் மேற்கு மூலையில் அஸ்திவாரமாக இருக்கும் பாறை பசுமாட்டைவிடப் பெரியது. அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. பாறை அங்கே கிடந்தது, வீட்டை அதன் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். சுவரின் கனத்துக்கு ஒரு ஆள் கையை நீட்டினாலும் மறுபக்கம் எட்டாது: வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் மண்ணும் கற்சில்லும். முன் கதவும் பின் கதவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். மேற்குக் கோடியில் நாலு பேர் உள்ளே உட்கார்ந்து குளிர்காயும்படி ஒரு கணப்படுப்பு, அதன்மேல் ஓக் உத்தரம். கணப்புக்குப் பக்கத்தில், சுவரின் கனத்துக்குள்ளேயே வளைந்து பரணுக்குப் போகும் கல் படிக்கட்டு. அது உயிரோடு இருப்பவர்களுக்குப் போதும். சவப்பெட்டி திரும்பாது. அதனால் பரணில் இறந்தவர்களைத் தரைப் பலகையை எடுத்துவிட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். இந்த வீட்டுக்கார அம்மாள் நெஸ்தாவின் கணவர் கிரிஃபையும் அப்படித்தான் இறக்கினார்கள்.

வீடு எத்தனை நூற்றாண்டு பழையது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நெஸ்தா ஒரே பதில்தான் சொல்வார். "நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு."

அந்த நெஸ்தாதான் இப்போது வீட்டில் இல்லை. குளிர்காலத்தில் மேற்குச் சுவரை ஒட்டியிருந்த கட்டிலில் படுத்தவர் நிமோனியாவோடு எழுந்தார். சுவர் காயாமல் இந்த வீட்டில் தங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் மெலேரி ரெக்ஸம் நகரத்திலிருந்து காரைக் கொண்டுவந்து அம்மாவைக் கம்பளியில் சுற்றி ஏற்றினாள். வண்டி கிளம்பும் நேரத்தில் நெஸ்தா கண்ணாடியை இறக்கி, வீட்டின் பெரிய இரும்புச் சாவியை இட்வலிடம் நீட்டினார்.

"ஈரம் போனதும் சொல்லி அனுப்பு."

"மோசமா பூசியிருக்கான்மா. எவன் செஞ்சானோ..."

"சாவியை வாங்கிக்க, இட்வல்."

வாங்கிக்கொண்டார்.

அறுபத்தொன்றாம் வருடம், கிரிஃப் இருந்த காலத்தில், அந்தச் சுவரைச் செய்தவர் அவர். செய்த நாட்களில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவர் நெஸ்தா. இதை இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

அந்தக் கோடை முழுக்க அவர் மேற்குச் சுவரில் சிமெண்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு வைத்தார். சாவியைக் கணப்புக்கு மேலே, சுவரின் மிக ஈரமான இடத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினார். மாட்டுவதற்கு முன் ஈர மணலால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் போடாமல் விட்டார். துரு பிடித்தால் சுவர் ஈரம். பிடிக்காவிட்டால் காய்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஈரமானி அதுதான்.

நெஸ்தா வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"காய்ஞ்சிடுச்சா?"

"காயுதும்மா. கல்லு வேலை, நிதானமாத்தான் ஆகும். அங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா சூடா இருக்கு. ஆனா இங்க நான் யாருன்னே யாருக்கும் தெரியல. மிஸஸ் ஜோன்ஸாம். தெருவுக்கு எத்தனை மிஸஸ் ஜோன்ஸ்! போன வாரம் மருந்துக் கடைப் பையன் எதுத்த வீட்டு மிஸஸ் ஜோன்ஸோட மாத்திரையை எங்கிட்டக் குடுத்துட்டான்."

"ஐயோ. திருப்பிக் குடுத்தீங்களா?"

"தின்னுட்டேன். முட்டி வலி தேவல. நேத்து ஒருத்தி நீங்க எந்த ஜோன்ஸ்னு கேட்டா. ஹெந்த்ரே வெர்ன்னு சொன்னேன். அது எத்தனை நாளா இருக்குன்னு பாவமாக் கேட்டா. வியாதின்னு நெனச்சிட்டா போல."

பிறகு நெஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

"நன்றி வழிபாட்டுக்கு நான் வந்துடணும், இட்வல். நம்ம பெஞ்சுல உக்காரணும்."

அறுவடைக்கான நன்றி வழிபாடு எங்கள் ஊரில் அக்டோபர் மூன்றாம் திங்கட்கிழமை. விதைக்காதவர்களும் வருவார்கள்.

அந்த வருடம் வழிபாட்டுக்கு முந்தைய நாள் இட்வல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து அதை மணலால் தேய்த்துப் பளபளப்பாக்கி, திரும்ப மாட்டினார். அப்படிச் செய்ததால் சுவர் காய்ந்துவிடாது என்று அவருக்குத் தெரியாமலில்லை.

மறுநாள் கார் வந்தது. நெஸ்தா, மெலேரி, அவள் கணவன் கிளிஃபர்ட். கிளிஃபர்ட் ரெக்ஸமில் கம்பளக் கடை வைத்திருந்தான். ஈரத் தரையில் விரித்த கம்பளம் அழுகி, வாங்கியவர்கள் சண்டைக்கு வருவதால் ஒரு சின்ன மின்கருவி வைத்திருந்தான். முனையில் இரண்டு ஊசிகள். சுவரில் குத்தினால் ஈரத்துக்குக் கத்தும்.

"இதுக்கு என்ன தெரியும்? கம்பளம்தானே பாத்திருக்கு?" என்றார் இட்வல்.

"கத்துதான்னு பாப்போமே, மிஸ்டர் ஹியூஸ்," என்றான் கிளிஃபர்ட் தாழ்மையாக.

சுவரின் அடியில் குத்தினான். கத்தவில்லை. நடுவில் குத்தினான். கத்தவில்லை. இட்வல் நெஸ்தாவைப் பார்த்தார். கணப்புக்கு மேலே, சாவி மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் குத்தியதும் கருவி ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. இன்னும் மேலே போகப் போக நிறுத்தவே இல்லை.

"பேட்டரி போயிருக்கும்," என்றார் இட்வல்.

கிளிஃபர்ட் வேறு பேட்டரி போட்டான். இன்னும் சத்தமாகக் கத்தியது.

மெலேரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "இட்வல் மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கிலாந்துல, ஸ்டாக்போர்ட்டுல ஒரு பல் டாக்டர் இந்த வீட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கார். கோடைக்கு வந்து தங்கிட்டுப் போறதுக்கு. அம்மா இங்க இனிமே இருக்க முடியாதுன்னா, வீட்டைப் பூட்டி வெச்சு என்ன பண்றது?"

"பல் டாக்டருக்கு நிமோனியா வராதா?" என்றார் நெஸ்தா.

"அவர் கோடைக்குத்தான் வருவார்மா."

"நம்ம ஊர்க் கோடையை அவர் பாத்ததில்ல போல."

"அம்மா, வெளையாடாதே. உனக்கு எழுபத்தொண்ணு."

"அடுத்த நன்றி வழிபாடு வரைக்கும் பொறுடி. அப்பவும் மாப்பிள்ளையோட பூச்சி கத்துச்சுன்னா பல்லனுக்கே வித்துடு. நானே கையெழுத்துப் போடறேன்."

மெலேரி கணவனைப் பார்த்தாள். கிளிஃபர்ட் தலையாட்டினான். ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு நாள் இல்லை என்று முடிவாயிற்று. கிளம்பும்போது நெஸ்தா எட்டி ஆணியிலிருந்த சாவியை எடுத்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோய்விட்டு இட்வலிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த தடவை தேய்க்காம குடு."

அந்தக் குளிர்காலம் இட்வல் தினமும் மலை ஏறி வந்து கணப்பை மூட்டினார். சுவர் முழுக்கச் சிமெண்ட் போய்விட்டது. சுண்ணாம்பு நன்றாகப் பிடித்திருந்தது. கீழே உலர்ந்துகொண்டே வந்தது. மேலே மட்டும் ஈரம் அப்படியே நின்றது. அவர் புகைபோக்கியைச் சந்தேகித்து மூடிபோட்டுப் பார்த்தார், கூரைச் சிலேட்டுக் கற்களைச் சந்தேகித்து நாலைந்தை மாற்றினார், கொஞ்ச நாள் கிளிஃபர்டைக்கூடச் சந்தேகித்தார். ஊரில் யாராவது விசாரித்தால், "எவன் செஞ்சானோ," என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

மார்ச் மாதம் மேற்கிலிருந்து மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாரல் படுக்கை வாட்டில் வந்தது. இட்வல் கல் படிக்கட்டில் ஏறிப் பரணில், புகைபோக்கித் தண்டு கூரைக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்டும் கூரையும் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது. சொட்டவில்லை, கல்லோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்து, சுவருக்குள் காணாமல் போனது.

மழை விட்டதும் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். புகைபோக்கியின் உடம்பில், கூரைக்கு ஒன்றரைச் சாண் மேலே, நான்கு பக்கமும் சுற்றி ஒரே மட்டத்தில் வெட்டுத் தடம் தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே பக்கத்துக்கு ஒன்றாக நான்கு சிலேட்டுப் பலகைகள் கூரைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. யாரோ அவற்றைச் சுவரோடு சுவராக வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டு நேராக, பிசிறில்லாமல் இருந்தது. நல்ல கை என்று இட்வல் நினைத்தார். பிறகு யாருடைய கை என்று நினைவு வந்தது. கீழே இறங்கினார்.

வீட்டைக் கட்டியவர்கள் கூரைக்குக் கோரைப்புல் வேய்ந்திருந்தார்கள். அந்தக் கூரை மெத்தை போலக் கனமாக இருக்கும். பலகைகள் அந்தக் கனத்தின் மேல் உதடு மாதிரி படிந்திருந்தன. கிரிஃபின் கொள்ளுத்தாத்தா காலத்தில் புல்லை எடுத்துவிட்டுச் சிலேட்டுப் போட்டார்கள். கூரை மெலிந்தது, பலகைகள் மட்டும் பழைய உயரத்தில், எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நின்றன. அறுபத்தொன்றில் சாரத்தின் மேல் நின்று பார்த்த இட்வலுக்கு அவை ஒரு வேலையும் செய்யாமல் நீட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. வெட்டினார், சுற்றிலும் சிமெண்ட் பூசி வழவழப்பாக்கினார், கிரிஃபிடம் "இப்ப சுத்தமா இருக்கு" என்றார். கிரிஃபும் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அவை ஒரு வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. புகைபோக்கியில் மோதி வழியும் மழையைச் சுவருக்குள் போகவிடாமல் கூரைமேல் எறிந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை டில்வென் முட்டை எடுக்கப் போனவள் கோழிக்கூட்டின் வாசலில் காலை வைத்து ஒரு அடி கீழே போனாள்.

"கோழிக்கூட்டுப் படி எங்கே?"

"கழட்டிட்டேன்," என்றார் இட்வல். தள்ளுவண்டியில் நான்கு சிலேட்டுப் பலகைகள் இருந்தன.

"இருபத்திரண்டு வருஷமா மிதிக்கிறேன். இப்ப என்ன அதுக்கு?"

"அது நெஸ்தா வீட்டுது."

"அதான் எனக்கு அப்பவே தெரியுமே. நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க? நல்ல கல்லு, சும்மா குடுத்தாங்கன்னு."

"ம்."

"எதுக்கு அது?"

"புகைபோக்கிக்கு."

டில்வென் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், பேச்சு வேறு வீட்டுக் கூரையைப் பற்றியதாக இருந்தபோதும். பிறகு அவரைப் பார்த்தாள். வேறு கணவர்களும் இப்படித்தானா என்று யோசிப்பது போலிருந்தது. "போங்க," என்றாள். "வரும்போது ஏதாவது பலகை கொண்டாங்க. கோழி இறங்காது."

ஹெந்த்ரே வெர்னில் முதல் பலகையை அதன் தடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவருக்கு உள்ளே இருந்த பாதி இன்னும் சுவருக்குள்ளேயே இருந்தது. அவர் கையில் இருந்தது வெட்டியெடுத்த பாதி. உள்ளே நுழைத்துப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அவற்றை வைத்து எதுவும் செய்ய முடியாது, கோழிக்கூட்டுக்குப் படி போடலாம். சாயங்காலத்துக்குள் அவை பழைய இடத்துக்கே போய்விட்டன. கோழிகள் மூன்று நாள் அவற்றைச் சந்தேகித்தன.

சிலேட்டுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. சுரங்கக் குப்பை மலை மலையாகக் கிடக்கிறது. இட்வல் வார இறுதிகளில் அந்த மேடுகளில் நடந்து, பலகைகளைத் தூக்கித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மணி போல ஒலித்ததை வைத்துக்கொண்டார், மொத்தென்றதைப் போட்டுவிட்டார். நல்லதாக நான்கு கிடைக்கப் பல வாரம் ஆயிற்று. பிறகு புகைபோக்கித் தண்டிலிருந்து பழைய மிச்சங்களைக் குடைந்து எடுத்தார். தான் பூசிய வழவழப்பையும் எடுத்தார். அப்பாவின் குழியிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்து, புதுப் பலகைகளைப் பாதி உள்ளே பாதி வெளியே, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி செருகிச் சில்லு வைத்து இறுக்கினார். மேலே ஈரச் சாக்கைக் கட்டினார்.

சுண்ணாம்பு பிடித்த பிறகு சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஜூனில் மழை வரவில்லை. வேண்டாதபோதெல்லாம் வரும் மழை அது. டில்வெனின் தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, புகைபோக்கியின் உச்சியிலிருந்து தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். நான்கு பக்கமும். அன்று மாலை தபால் பெரிஸ் போன வீட்டிலெல்லாம் ஒரே செய்திதான்.

"இட்வல் புகைபோக்கிக்கு டீ குடுத்துக்கிட்டிருக்கார்."

"சக்கரை எத்தனை?"

தண்ணீர் பலகைவரை வந்தது, உதட்டில் நின்றது, சுவரைத் தொடாமல் கூரைமேல் விழுந்தது. இட்வல் கெட்டிலைக் காலியாகும்வரை ஊற்றினார். பிறகு இறங்கி, நிரப்பிக்கொண்டு, மறுபடி ஏறினார்.

சாவியை மணலால் தேய்த்துத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். அதற்குப் பின் அதைப் பார்க்கவில்லை. கணப்பை மூட்ட வரும் நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகு அடுக்கினார். தொலைபேசியில் நெஸ்தா, "காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டால், "வந்து பாத்துக்குங்க," என்றார். முன்பு அவர் அப்படிச் சொன்னதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் அக்டோபர் மூன்றாம் திங்கள். காலையிலிருந்து மேற்கு மழை. கார் மேலேறி வந்து நின்றது. கிளிஃபர்ட் ஒரு கையில் கருவியையும் மற்றொரு கையில் பேட்டரிப் பெட்டியையும் வைத்திருந்தான். பின்னிருக்கையில் நெஸ்தாவின் இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றை ஏற்ற வேண்டாம் என்று மெலேரி சொல்லியிருக்கிறாள், நெஸ்தா ஏற்றிவிட்டார்.

நெஸ்தா கோட்டைக் கழற்றாமல் கணப்புக்கு எதிரே உட்கார்ந்தார். கிளிஃபர்ட் கீழிருந்து ஆரம்பித்தான். அடியில் குத்தினான். நடுவில் குத்தினான். நாற்காலிமேல் ஏறிக் கணப்புக்கு மேலே குத்தினான். வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் கருவியை உதறிவிட்டு ஒரு சாண் தள்ளிக் குத்தினான். பிறகு சந்தேகம் வந்து ஊசிகளைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். ஆட்டுக்குட்டி கத்தியது.

"வேலை செய்யுது," என்றான்.

"உங்களுக்குத்தான் வேர்க்குது, மாப்பிள்ளை," என்றார் நெஸ்தா.

கிளிஃபர்ட் சந்தோஷமாகவே இறங்கினான். நல்ல மனிதன். ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி, மழையில் நனையும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான். "அந்தப் பலகைங்க இல்லாமப் போனதுதான் எல்லாத்துக்கும் காரணமாமே, பெரிஸ் சொன்னார். எவன் அதை வெட்டி எடுத்தது, மிஸ்டர் ஹியூஸ்?"

இட்வல் வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் பதின்மூன்று வருடமாக அங்கேயே தயாராக இருந்தது. இந்த முறை வரவில்லை.

"யாரோ ஒருத்தன்," என்றார் நெஸ்தா கணப்பைப் பார்த்துக்கொண்டே. "பேரு ஞாபகமில்ல. டீக்கு மூணு சக்கரை போட்டுக் குடிப்பான்."

மழை கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப ரெண்டுதாம்மா," என்றார் இட்வல். "சுகர்."

மெலேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் காரிலிருந்து பெட்டிகளை எடுத்துவந்து பரணுக்குப் போகும் படிக்கட்டின் அடியில் வைத்தாள். பல் மருத்துவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"கட்டிலைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் போட்டுடலாம்மா," என்றாள்.

"இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

இட்வல் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கணப்புக்குப் போனார். ஆணியிலிருந்த சாவியைப் பார்க்காமலே எடுத்தார். எடுத்ததைப் பார்க்காமலே நெஸ்தாவின் கையில் வைத்தார்.

நெஸ்தா அதை முதலில் மூக்கருகே கொண்டுபோனார். மணல் வாசனை இல்லை. பிறகு கட்டைவிரலை எச்சில் தொட்டுச் சாவியின் தண்டில் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் விரலின் நிறத்திலேயே இருந்தது.

"சரி," என்று சொல்லிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.